பழைய ரைபிளை விற்கும்போது குறைகளையும் படமெடுக்க வேண்டுமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். 1950களில் செய்த வின்செஸ்டர் 94 ரைபிள் ஒன்றை இணையத்தில் ஏலத்தில் விற்கப் போகிறேன். கட்டையில் ஒரு கீறல், குழலின் வெளிப்பக்கம் சில துருப்புள்ளிகள். இதையெல்லாம் படத்தில் காட்டினால் விலை விழாதா?

பதில்: கொஞ்சம் விழும். மறைத்தால் வரும் தொல்லை அதைவிடப் பெரியது. வெளிமாநிலத்துக்காரர் வாங்கினால் பொதுவாக ரைபிள் அங்குள்ள உரிமம் பெற்ற டீலரிடம்தான் போக வேண்டும். கடையில் நின்று கையில் புரட்டிப் பார்க்கும்போது எதுவும் மறையாது. திருப்பி அனுப்பினால் பார்சல் செலவில் தொடங்கி எல்லாம் தகராறுதான்.

கேமராவை எடுக்கும் முன் ரைபிள் காலியா என்று பாருங்கள். 94-இல் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இருக்கும் டியூபில் வரிசையாக நிற்கும். அறை (சுடும்போது தோட்டா இருக்கும் இடம்) மட்டும் காலியாக இருந்தால் போதாது, டியூபையும் பார்க்க வேண்டும். பிறகு விசைக்கு அடியில் இருக்கும் லீவரைத் திறந்து வைத்தே எடுங்கள்.

1964-இல் வின்செஸ்டர் செலவைக் குறைக்கத் தயாரிப்பு முறையை மாற்றியதால், அதற்கு முந்தைய ரைபிள்களுக்குத் தனி மவுசு. உங்களுடையது அந்த ரகம். அதனால் வாங்குபவருக்கு முதலில் வரும் சந்தேகம், 'புளூயிங் (துருவைத் தடுக்க இரும்புக்குக் கொடுக்கும் கருநீல மெருகு) பழசா, பிறகு போட்டதா?' என்பதுதான். மறுபடி புளூயிங் போடும் முன் இரும்பைத் தேய்ப்பார்கள். அதில் குழல்மேல் பொறித்த எழுத்தின் விளிம்பு மழுங்கும், ஸ்க்ரூ துளையைச் சுற்றி லேசாகக் குழி விழும். இந்த இரண்டு இடங்களையும் கிட்டத்தில் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், பளபளப்பில் எல்லாம் அழிந்துவிடும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழட்டும்.

ரிசீவரின் (குழலுக்குப் பின்னால், இயங்கும் பாகங்கள் இருக்கும் இரும்புக் கூடு) பக்கவாட்டையும் மறக்காதீர்கள். அந்தக் காலத்து 94 காலித் தோட்டாவை மேல்நோக்கித் தள்ளும். அதனால் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) மேலே வைக்க வசதியில்லை, பக்கத்தில் துளை போட்டுக்கொண்டவர்கள் உண்டு. துளையை ஸ்க்ரூ போட்டு அடைத்திருந்தாலும் காட்டுங்கள். சேகரிப்பவர்கள் விலை பேசுவதே அதை வைத்துத்தான்.

துருப்புள்ளிக்கு வருவோம். படத்துக்காக எண்ணெய் தடவிப் பளபளக்க வைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. ஈரம் இருக்கும்வரை புள்ளி தெரியாது, அதுதான் சூட்சுமம். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு எடுங்கள்.

கட்டையில் இருப்பது மேலோட்டமான கீறல்தானா, வெடிப்பா? ரிசீவரின் பின்பக்க இரும்பு நாக்கு மரத்துக்குள் போகும் இடத்தில் இழையோடு ஒரு கோடு தெரிந்தால் அது வெடிப்பாக இருக்கலாம். அந்த ஒரு இடத்துக்கே இரண்டு மூன்று படம் போடுங்கள், விளக்கத்திலும் எழுதுங்கள்.

சீரியல் எண்ணில் கடைசி மூன்று இலக்கத்தை மறைக்கலாம், வருடத்தைக் கணிக்க முன் இலக்கங்களே போதும். முழு எண்ணை, உண்மையாகவே வாங்க நினைத்துக் கேட்பவருக்குத் தனியாகக் கொடுங்கள். அப்புறம், படத்தை ஏற்றும் முன் அதில் பதிந்திருக்கும் இடத் தகவலை நீக்கிவிடுங்கள். துப்பாக்கி இருக்கும் வீட்டின் முகவரி ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை.