செத்த நாஸ் பெட்டியிலிருந்து கோப்புகளை மீட்பது: மலையகத்துக் கேள்விகளும் பதில்களும்

நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டிக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி), ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை), ஹார்ட் டிஸ்க் பற்றி மட்டும் கேளுங்கள். எத்தனை டிஸ்க், எந்த ரெய்டு, கடைசியாக என்ன செய்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கெட்டுப்போன பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் நிறுத்திவிட்டு வாருங்கள்.

கேள்வி (ஹட்டன்): அண்ணே, ஸ்டூடியோவில் நாலு டிஸ்க் நாஸ், ஒவ்வொன்றும் 4 டெராபைட், ரெய்டு 5. இரண்டாவது டிஸ்க் போன வருஷமே சிவப்பு லைட் காட்டியது. பெட்டி ஓடியதால் விட்டுவிட்டோம். போன கிழமை கரண்ட் கட் ஆகி வந்தபோது மூன்றாவதும் போய்விட்டது. கல்யாண வீடியோ எல்லாம் அதில்தான்.

பதில்: தம்பி, நம்பிக்கையை விடாதீர்கள். ரெய்டு 5 ஒரே ஒரு டிஸ்க் போனால் மட்டும் தாங்கும், இரண்டு போனால் தாங்காது என்பது உண்மை. ஆனால் உங்கள் இரண்டு டிஸ்க்கும் ஒரே நிலையில் இல்லை. இரண்டாவது போன வருஷத்தோடு நின்றுவிட்டது, அதற்குப் பிறகு எடுத்த கல்யாணம் எதுவும் அதில் இருக்காது. மூன்றாவது கடைசி நிமிஷம் வரை மற்றவற்றோடு ஓடியிருக்கிறது. நாலில் மூன்று டிஸ்க் இருந்தால் போதும், உங்களுக்குத் தேவை 1, 3, 4.

கழற்றும் முன் எந்தத் தட்டில் எந்த டிஸ்க் என்று மார்க்கரால் டிஸ்க்கின் மேலேயே எழுதுங்கள். அப்புறம் ஒரு லினக்ஸ் கணினியில் மாட்டி, டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளால் முழுப் பிரதி எடுங்கள். மூன்றாவதை முதலில் எடுங்கள், அதன் ஆயுள்தான் நிச்சயமில்லாதது. டிடிரெஸ்க்யூ நன்றாக வாசிக்க முடிந்த இடங்களை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை வாசித்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பு கட்டாயம் வையுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நல்ல டிஸ்க் ஏழெட்டு மணி நேரத்தில் முடியும். அடிபட்டது நாள்கணக்கில் இழுக்கும், விடுங்கள், இழுக்கட்டும்.

பிரதிகளின் மேல் எம்டிஏடிஎம் (லினக்ஸின் ரெய்டு கருவி) எக்ஸாமின் கட்டளை ஓட்டினால் ஒவ்வொன்றின் ஈவென்ட் எண்ணும் (அந்த டிஸ்க் பதிந்துவைத்த ரெய்டு மாற்றங்களின் எண்ணிக்கை) தெரியும். 1, 4 இரண்டிலும் ஒரே எண், மூன்றாவதில் கொஞ்சம் குறைவு, இரண்டாவதில் வெகு குறைவு என்று வந்தால் நான் சொன்னது சரி. 1, 3, 4 மூன்றின் பிரதிகளையும் எம்டிஏடிஎம்மின் அசெம்பிள் ஃபோர்ஸ் கட்டளை போட்டுச் சேர்த்து, ரீட் ஒன்லியாக (வாசிக்க மட்டும்) மவுண்ட் செய்து, கோப்புகளை வெளியே எடுங்கள். புதிதாக ரெய்டு உருவாக்கும் கிரியேட் கட்டளையை எந்த யூடியூப் வீடியோ சொன்னாலும் தொடாதீர்கள். டிஸ்க்குகளின் வரிசையோ சங்க் அளவோ (டிஸ்க்குக்கு டிஸ்க் பிரித்து எழுதும் துண்டின் அளவு) தவறினால், கணினி ரெய்டின் கணக்கைச் சரிசெய்வதாக நினைத்து உங்கள் வீடியோவின் மேலேயே எழுதிவிடும். மூல டிஸ்க்கில் ஒரு பைட்கூட எழுதக் கூடாது.

கேள்வி (நுவரெலியா): டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்கிறார்களே?

பதில்: வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோக்கும், டிஸ்க்கை வாசிக்கும் ஹெட் அதன் மேல் ஓடும். அதோடு முடிந்தது.

கேள்வி (தலவாக்கலை): டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கணினியில் மாட்டினேன். "இனிஷியலைஸ் செய்யவா?" என்று கேட்கிறது.

பதில்: கேன்சல் கொடுங்கள். நாஸ் டிஸ்க்கின் அமைப்பு விண்டோஸுக்குப் புரியாததால் அதைக் காலி டிஸ்க் என்று நினைத்து, புதிதாகத் தயார்செய்யவா என்று கேட்கிறது. மூல டிஸ்க்கில் எதையும் எழுத விடாதீர்கள்.

கேள்வி (பண்டாரவளை): ஹட்டன்காரருக்கு ஏன் அண்ணே ஆசை காட்டுகிறீர்கள்? கோடி கோடி பிட்டுக்கு ஒரு வாசிப்புப் பிழை என்று டிஸ்க் கம்பெனியே போட்டிருக்கிறது. அது 12.5 டெராபைட். அவர் மூன்று டிஸ்க்கில் 12 டெராபைட் வாசிக்க வேண்டும். பிழை வந்தே தீரும். ரெய்டு 5 காலாவதியான சரக்கு.

பதில்: கணக்கு சரி, முடிவு தவறு. அந்த எண், பிழை இதற்கு மேல் போகாது என்று கம்பெனி சொல்லும் எல்லை. அது சராசரி இல்லை. சராசரியாக இருந்தால் 12 டெராபைட் டிஸ்க்கை மாதாமாதம் முழுசாக வாசித்துச் சோதிக்கிற எல்லோருக்கும் மாதாமாதம் பிழை வர வேண்டும். வருவதில்லை. அப்படியே ஒன்று வந்தாலும், ரீபில்ட் (புது டிஸ்க்கில் பழைய தரவைத் திரும்பக் கட்டுவது) பாதியில் நிற்பது வேறு, பிரதி எடுப்பது வேறு. டிடிரெஸ்க்யூ அந்த செக்டரை (டிஸ்க்கின் மிகச் சிறிய துண்டு) மட்டும் விட்டுவிட்டு மேலே போகும். 4,096 பைட் போனால் ஒரு வீடியோவில் ஒரு நொடி கலங்கும், அவ்வளவுதான்.

பண்டாரவளை: அப்படியானால் ரீபில்ட் நேரத்தில் இரண்டாவது டிஸ்க்கும் போவது எப்படி?

பதில்: நல்ல கேள்வி. பலமுறை அது முன்பே கெட்டிருக்கும், அப்போதுதான் தெரியவரும். மூன்று வருஷமாக யாரும் திறக்காத படங்கள் இருக்கும் செக்டர் கெட்டது யாருக்குத் தெரியும்? ரீபில்ட்தான் எல்லா செக்டரையும் தொடும். அதனால்தான் ஸ்க்ரப்பிங் (எல்லா செக்டரையும் அவ்வப்போது வாசித்துச் சோதிப்பது) போடுங்கள் என்று தொண்டை கிழியச் சொல்கிறேன். டெபியன் லினக்ஸில் எம்டிஏடிஎம் போட்டால் மாதத்தின் முதல் ஞாயிறு தானாகவே ஓடும். நாஸ் பெட்டிகளில் பெரும்பாலும் நாம்தான் அட்டவணை போட வேண்டும்.

கண்டி: இடையில் வருகிறேன், மன்னிக்கவும். இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6 போட்டால் இந்தச் சண்டையே இல்லையே?

பதில்: நாலு தட்டில் ரெய்டு 6 போட்டால் பாதி இடம் போகும். பாதி போகிறதென்றால் வீட்டுக்கு நான் ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் ரெய்டு 1 தான் சொல்வேன். சாதாரண லினக்ஸ் ரெய்டு 1 என்றால், பெட்டி எரிந்தாலும் ஒரே ஒரு டிஸ்க்கை எந்த லினக்ஸ் கணினியிலும் மாட்டி வாசிக்கலாம். மழைக்கு ரோடு மூடினால் டவுனுக்கே இறங்க முடியாத நமக்கு அது பெரிய விஷயம். ஐந்தாறு தட்டுக்கு மேல் என்றால் ரெய்டு 6, அதில் எனக்கு மறுப்பே இல்லை.

பண்டாரவளை: சரி, ஸ்க்ரப்பிங் விஷயத்தை ஏற்கிறேன். ரெய்டு 5 விஷயத்தை இல்லை.

பதில்: சரி. இன்றிரவே ஸ்க்ரப்பிங் போட்டுவிடுங்கள்.

கேள்வி (மாத்தளை): புது டிஸ்க் போட்டால் ரீபில்ட் நடுவிலேயே அதை வெளியே தள்ளுகிறது. டிஸ்க் புத்தம் புதுசு.

பதில்: மாடல் எண்ணைப் பாருங்கள், எஸ்எம்ஆர் வகையாக (தடங்களை ஓடு வேய்வதுபோல ஒன்றின் மேல் ஒன்று படிய எழுதும் டிஸ்க்) இருக்கலாம். அதில் தொடர்ந்து எழுதினால் வேகம் படுத்துவிடும், பெட்டி காத்திருந்து பார்த்துவிட்டுக் கழற்றிவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரை சில மாடல்களில் எஸ்எம்ஆர் இருப்பதை 2020இல் ஒப்புக்கொண்டது. ரெட் பிளஸ் என்றால் சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று படியாத வகை), அதை வாங்குங்கள்.

கேள்வி (ஹப்புத்தளை): என் நாஸும் "இனிஷியலைஸ்" கேட்கிறது. ஓகே கொடுக்கலாமா?

பதில்: மேலே தலவாக்கலைக்குச் சொன்னதை வாசியுங்கள். கொடுக்கக் கூடாது.

கேள்வி (கம்பளை): டித்வா புயல் வெள்ளத்தில் பெட்டி மூழ்கியது. காயவைத்து வைத்திருக்கிறோம். போட்டுப் பார்க்கலாமா?

பதில்: போடாதீர்கள் அக்கா. பெரும்பாலான டிஸ்க்கில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு, சேற்றுத் தண்ணீர் அதன் வழியாக உள்ளே போயிருக்கும். தண்ணீர் காய்ந்தாலும் மண் உள்ளே சுழலும் வட்டின் மேல் ஒட்டியிருக்கும், ஒரு முறை சுழன்றால் கீறிவிடும். திறந்து துடைக்கவும் வேண்டாம். சுத்த அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்கு அப்படியே கொடுங்கள். ஹீலியம் அடைத்த டிஸ்க்கில் துளை கிடையாது; மாடல் எண்ணை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

கேள்வி (பதுளை): போன் விழுந்து உடைந்தது, வாட்ஸ்அப் படங்கள் வேண்டும்.

பதில்: அது என் துறை இல்லை. நல்ல போன் ரிப்பேர் கடையில் கேளுங்கள்.

கேள்வி (பொகவந்தலாவை): டிஸ்க் டிக் டிக் என்கிறது, இனிஷியலைஸ்...

பதில்: பிளக்கைக் கழற்றுங்கள். அந்தச் சத்தம் வந்தால் ஹெட் போயிருக்கும், எந்த மென்பொருளும் உதவாது. இனிஷியலைஸுக்கு இனி பதில் தரமாட்டேன்.

கேள்வி (மஸ்கெலியா): எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தை ஐந்து மாசி மாதங்கள் பதிவு செய்தோம். இரண்டு டிஸ்க் யூஎஸ்பி பெட்டி, ரெய்டு 0. இடி விழுந்து பெட்டி செத்துவிட்டது. பாடிய பெரியவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை.

பதில்: ஐயா, இதற்கு நேரம் எடுத்துச் சொல்கிறேன். அந்தக் குரல்களைத் திரும்பப் பதிவு செய்ய முடியாது. ரெய்டு 0 தரவை இரண்டு டிஸ்க்குக்கும் பிரித்து எழுதும், அதனால் ஒன்று போனாலும் எல்லாம் போகும். ஆனால் செத்தது பெட்டியின் போர்டு என்றால் டிஸ்க் இரண்டும் பிழைத்திருக்க வாய்ப்புண்டு. இடது, வலது என்று எழுதிவிட்டுக் கழற்றுங்கள். டிஸ்க்கின் பச்சை போர்டில் கருகிய மணமோ வெடித்த பாகமோ இருந்தால் கரண்ட் கொடுக்காதீர்கள். வேறொரு டிஸ்க்கின் போர்டை மாற்றிப் போடவும் வேண்டாம், அந்த டிஸ்க்குக்கே உரிய விவரங்கள் போர்டிலுள்ள சிப்பில் இருக்கும். சுத்தமாக இருந்தால் இரண்டுக்கும் பிரதி எடுத்து, ஆர்-ஸ்டூடியோ அல்லது யூஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற மீட்பு மென்பொருளில் கொடுங்கள். காசு கட்டும் முன்பே கோப்புகளின் பட்டியலைக் காட்டும். பிரதி முழுக்க அர்த்தமில்லாத குப்பை மட்டும் தெரிந்தால், அந்தப் பெட்டி என்கிரிப்ட் செய்கிற (தரவைப் பூட்டி எழுதுகிற) வகையாக இருக்கலாம். அப்போது அதே மாடல் பெட்டி இன்னொன்று வேண்டும், செத்த போர்டையும் வீசாதீர்கள். இதில் எதையும் தொடங்கும் முன் பெட்டியின் மாடல் எண்ணையும் இரண்டு டிஸ்க்கின் லேபிள் படங்களையும் அனுப்புங்கள். நான் பார்க்கும் வரை எதற்கும் கரண்ட் கொடுக்க வேண்டாம்.