புது போனும் பழகிய விரலும் – கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். எட்டு வருடமாக ஆண்ட்ராய்டு போன்தான் வைத்திருந்தேன். போன மாதம் விடுமுறைக்கு வந்த மகன் ஒரு ஐபோன் வாங்கிக் கொடுத்து, என் எண்ணையும் அதற்கு மாற்றிவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டான். அன்றிலிருந்து தவிக்கிறேன். திரைக்கு அடியில் இருந்த, பின்னால் போகும் பொத்தானைக் காணோம். தமிழில் எழுத வரவில்லை. இந்தக் கடிதத்தைக்கூடப் பழைய போனில்தான் அடிக்கிறேன். வாட்ஸ்அப்பில் பழையது ஒன்றும் இல்லை. என் அக்கா சமையல் குறிப்புகளைப் பேசிப் பேசி அனுப்புவார். அவர் காலமாகி ஒரு வருடம் ஆகிறது. அதெல்லாம் போய்விட்டதா? நாற்பது வருடம் பாடம் நடத்தியவனுக்கு ஒரு போன் பிடிபடவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது. பழையதற்கே திரும்பிவிடலாமா?

எஸ்.,
தஞ்சாவூர்

அன்புள்ள ஐயா,

அக்காவின் குரல் எங்கும் போகவில்லை. பழைய போனில் வாட்ஸ்அப்பை நீங்கள் நீக்காதவரை அது அங்கேதான் இருக்கும். அதனால் மற்ற எதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

பழைய போனில் ஃபைல்ஸ் செயலியைத் திறந்து, ஆண்ட்ராய்டு என்ற ஃபோல்டருக்குள் மீடியா, அதற்குள் வாட்ஸ்அப் என்று போய்க்கொண்டே இருந்தால் ‘வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்’ என்று ஒன்று வரும். உள்ளே வாரத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன ஃபோல்டர்கள் இருக்கும். ஒவ்வொரு பதிவின் பெயரிலும் தேதி இருக்கும், அனுப்பியவர் பெயர் இருக்காது. எது அக்கா, எது மற்றவர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பிரிக்கவேண்டும். அதை நிதானமாகச் செய்துகொள்ளலாம். இப்போதைக்கு அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு கணினியில் நகலெடுத்து வையுங்கள். பழைய போனை யாருக்கும் கொடுக்காதீர்கள். நான் மாறியபோது பழையதைக் கடையில் கொடுத்துத்தான் புதியதை வாங்கினேன். மூன்று வருட உரையாடல் அதோடு போயிற்று. இன்றும் அது உறுத்துகிறது.

ஏன் தானாக வரவில்லை என்றால், ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தன் நகலைக் கூகுள் கணக்கில் வைக்கிறது, ஐபோன் அதைப் படிக்காது. 2022இல்தான் ‘மூவ் டு ஐஓஎஸ்’ என்ற செயலி வழியாகச் செய்திகளை ஐபோனுக்குக் கொண்டுபோகும் வசதியை வாட்ஸ்அப் தந்தது. ஆனால் அது புது போனை முதன்முதலில் தொடங்கும்போதே செய்யவேண்டிய வேலை. இப்போது செய்யவேண்டுமென்றால் ஐபோனை முழுக்க அழித்து மறுபடி தொடங்கவேண்டும், இந்த ஒரு மாதச் செய்திகளும் போகும். குரல் பத்திரமான பிறகு மகனோடு பேசி முடிவு செய்யுங்கள். அவர் மேல் தவறில்லை. நம்மில் பலருக்கு இது போன பிறகுதான் தெரியவருகிறது.

அடுத்து தமிழ். என்னைக் கேட்டால் ஒரு போனில் தமிழ் தடையில்லாமல் வரும்வரை அது நம் போனே இல்லை. ஐபோனில் தமிழ் இருக்கிறது, நாமாகப் போய்ச் சேர்க்கவேண்டும், அவ்வளவுதான். செட்டிங்ஸில் ஜெனரல், அதில் கீபோர்டு, மறுபடியும் கீபோர்ட்ஸ், ‘ஆட் நியூ கீபோர்டு’, அங்கே தமிழ். அப்புறம் எழுதும்போது விசைப்பலகைக்குக் கீழே இடது மூலையில் இருக்கும் உருண்டை வடிவத்தை அழுத்திப் பிடித்தால் ஆங்கிலம், தமிழ் என்று தேர்ந்தெடுக்கலாம். ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ், 2013இல் வந்த அதன் 7ஆம் பதிப்பிலிருந்தே தமிழ்99, அஞ்சல் என்று இரண்டு தமிழ் விசைப்பலகைகள் அதில் உண்டு. அஞ்சல் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய முறை. 1980களிலிருந்து கணினித் தமிழுக்காக உழைத்துவருபவர் அவர். அஞ்சல் என்ற பெயரை அங்கே முதலில் பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்துபோயிற்று.

நீங்கள் பழைய போனில் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழாக்கி வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது ஊகித்துத் தருவது. ‘வாழைப்பூ’வை நீங்கள் எப்படித் தட்டினாலும் அது நெருங்கிய சொல்லைப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிடும். அஞ்சல் அப்படி ஊகிக்காது. வி, ஏ, ஏ, இசட், ஏ, ஐ, பி, பி, யூ, யூ என்று தட்டவேண்டும். ஒரு பி-யை விட்டால் ஒற்று மிகாது, ‘வாழைபூ’ என்றே நிற்கும். சின்ன எல் தட்டினால் ல, பெரிய எல் தட்டினால் ள. முதல் வாரம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு, இத்தனை நாள் ஒற்றுகளை எனக்குப் பதிலாக யாரோ போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று புரிந்தது. உங்களுக்கு அந்தச் சிக்கலே இல்லை. வல்லினம் எங்கே மிகும் என்று நாற்பது வருடம் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள்.

தமிழ்99ஐயும் ஒருமுறை பாருங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தரம் அது. உயிரெழுத்துகள் இடது பக்கம், மெய்கள் வலது பக்கம். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் ‘அம்மா’. முதல் ம-வுக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆங்கிலமே நடுவில் வராது. தமிழாசிரியர் ஒருவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

பின்னால் போகும் பொத்தான் ஐபோனில் கிடையாது. திரையின் இடது ஓரத்திலிருந்து உள்நோக்கி விரலை இழுக்கவேண்டும். வலது ஓரத்தில் இழுத்தால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. இடது ஓரத்தில் இழுத்தும் திரை நகராத இடத்தில், இடது மேல் மூலையில் ஓர் அம்புக்குறி இருக்கும். எனக்கு இது பழக மூன்று வாரம் ஆனது. வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, எட்டு வருடம் ஓரிடத்துக்கே போய்ப் பழகிய கட்டைவிரல் அது. வீடு மாறிய பிறகும் இருட்டில் பழைய இடத்தில் ஸ்விட்சைத் தேடுவோமில்லையா, அந்த மாதிரிதான். பாடம் புரியாமல் போவது வேறு, இது வேறு.

இன்னொன்று. பணம் அனுப்பும் யுபிஐ செயலியைப் புதிதாகப் பதிவு செய்யும்போது ஐபோன் தானாகக் குறுஞ்செய்தி அனுப்பாது. ஏதோ எழுத்துக் குவியலோடு ஒரு செய்தி திறக்கும், அனுப்பு என்பதை நீங்கள்தான் அழுத்தவேண்டும். பயப்படவேண்டாம், அதில் எதையும் மாற்றாமல் அனுப்பிவிடுங்கள்.

திரும்பிவிடலாமா என்று கேட்டீர்கள். ஒரு மாதம் தமிழ் எழுதிப் பாருங்கள், அதற்குப் பிறகும் கை வரவில்லையென்றால் தாராளமாகத் திரும்பலாம். பழைய போன்தான் கையில் இருக்கிறதே. எழுதிப் பழக என்ன எழுதுவது என்று யோசித்தால், அக்காவின் பதிவுகளிலிருந்தே தொடங்குங்கள். ஒன்றைப் பழைய போனில் ஓடவிட்டு, அவர் சொல்லச் சொல்லப் புதியதில் எழுதுங்கள். முதல் குறிப்பு முடிந்ததும் எனக்கும் அனுப்பிவையுங்கள்.

அன்புடன்