கல்லாக இருக்கச் சொன்னது யார்?

கேள்வி: ஒரு வருடமாக ஸ்டோயிக் தத்துவம் படித்து வருகிறேன். தினமும் காலையில் மொபைல் ஆப்பில் ஒரு பொன்மொழி. 'நம் கையில் இல்லாததற்குக் கவலைப்படாதே' என்பதை அப்படியே கடைப்பிடிக்கிறேன். ஆபீஸில் யார் என்ன சொன்னாலும் கோபம் வருவதில்லை. போன மாதம் அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன். முடிவு என் கையில் இல்லை என்பதால் பதறாமல், ஊருக்கும் போகாமல், என் வேலையைப் பார்த்தேன். அண்ணன் கூட இருந்தார். அப்பா இப்போது நலம். ஆனால் என் மனைவி, "நீங்க கல்லாயிட்டீங்க" என்கிறாள். உணர்ச்சிவசப்படுகிறவர்களுக்கு இந்தத் தத்துவத்தை எப்படிப் புரியவைப்பது?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: உங்கள் மனைவிக்குப் புரியவைக்க ஒன்றுமில்லை. அவருக்கு ஏற்கெனவே புரிந்திருக்கிறது. நீங்கள் படிக்கிற ஸ்டோயிக் ஆசிரியர் எபிக்டெட்டஸே வகுப்பில் இதைப் பேசியிருக்கிறார்: சிலை மாதிரி உணர்ச்சியற்று இருக்கக் கூடாது, மகனாக, சகோதரனாக, தகப்பனாக, குடிமகனாக நம் உறவுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று. அவர் சிலை என்றார், உங்கள் வீட்டில் கல் என்றார்கள். வித்தியாசம் உளி வேலை மட்டும்தான்.

மற்ற வாசகர்களுக்காக: கி.மு. 300 வாக்கில் சைப்ரஸ்காரர் ஜீனோ, ஏதென்ஸ் நகரச் சந்தையை ஒட்டி 'ஸ்டோவா' என்ற தூண் மண்டபத்தில் பாடம் நடத்த ஆரம்பித்தார். மண்டபத்தின் பெயரே கூட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது. நம் ஊர்க் கணக்கில் திண்ணைக்காரர்கள்.

எபிக்டெட்டஸ் வந்தது அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் அப்புறம். அடிமையாக வளர்ந்தவர். நீரோவின் செயலாளர் எபஃப்ரோடிட்டஸ் அவருடைய எஜமான். கால் ஊனம். விடுதலை கிடைத்து ரோமில் இருந்தபோது, சக்கரவர்த்தி டொமிஷியன் தத்துவக்காரர்களையெல்லாம் ஊரைவிட்டுத் துரத்தினார். இவர் கிரேக்கத்தின் மேற்குக் கரைக்குப் போய் நிக்கோபொலிஸில் பள்ளி வைத்தார். உடம்பு, பதவி, இருக்கிற ஊர் எதுவுமே தன் வசத்தில் இல்லாதவர், நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார்த்ததில் அர்த்தம் இருந்தது. கையில் இருப்பவை என்று அவர் எண்ணியவற்றில் நம் எண்ணம் உண்டு, விருப்பு வெறுப்பு உண்டு, ஒரு காரியத்தில் இறங்கும் முனைப்பும் உண்டு. உங்கள் ஆப் கடைசியில் சொன்னதை விட்டுவிட்டது போலிருக்கிறது. ஆபரேஷன் எப்படி முடியும் என்பது உங்கள் கையில் இல்லை, சரி. ஊருக்கு பஸ் ஏறுவது யார் கையில் இருந்தது?

மாணவர் அர்ரியன் எழுதிவைத்த பாடக் குறிப்புகளில் உங்களுக்கென்றே ஒரு சம்பவம் இருக்கிறது. ஒரு அரசாங்க அதிகாரி எபிக்டெட்டஸைப் பார்க்க வருகிறார். பேச்சு குடும்பத்துக்குத் திரும்புகிறது. "என் சின்ன மகளுக்கு உடம்பு முடியாமல் உயிருக்கே ஆபத்து என்றார்கள். பக்கத்தில் இருந்து பார்க்க மனசு தாங்கவில்லை. வீட்டைவிட்டு ஓடிப்போனேன். சரியாகிவிட்டது என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் திரும்பினேன்" என்கிறார். செய்தது சரியா என்று கேட்டால், பாசமுள்ள தகப்பன் அப்படித்தான் செய்வான் என்பது பதில். எபிக்டெட்டஸ் விடவில்லை. குழந்தையின் அம்மாவுக்குப் பாசம் இல்லையா? வளர்த்த தாதிக்கு? அவர்களும் பாசத்தால் ஓடியிருந்தால் அந்தக் குழந்தை யாருமில்லாமல் கிடந்திருக்க வேண்டியதுதானா? நாளைக்கு நீர் படுத்தால், உம் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் இப்படி ஓடிப்போவது உமக்குச் சம்மதமா?

அந்த மனிதர் பாசம் அதிகம் என்று சொல்லி ஓடினார். நீங்கள் பதற்றமே இல்லை என்று சொல்லிப் போகாமல் இருந்தீர்கள். கட்டிலருகே இரண்டு பேருமே இல்லை. எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு, தப்பாக இருந்தால் மன்னியுங்கள்: ஐ.சி.யூ. வாசலில் உட்கார நீங்களும் பயந்திருக்கிறீர்கள். பயந்தது குற்றமில்லை. அதற்குத் தத்துவம் என்று பெயர் வைத்ததுதான் உறுத்துகிறது.

உங்கள் ஆப்பில் மார்கஸ் அரேலியஸ் கட்டாயம் இருப்பார். ரோமாபுரிச் சக்கரவர்த்தி. ஸ்டோயிக்குகளில் இவருக்குத்தான் இப்போது மவுசு. பெற்ற பிள்ளைகளில் பலரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தவர். தன் ஆசிரியர் ஃப்ரான்டோவுக்கு அவர் எழுதிய கடிதங்களில் ஒன்று கைக்குழந்தையின் உடம்பைப் பற்றியது. வயிற்றுப்போக்கு நின்றிருக்கிறது, காய்ச்சல் விட்டிருக்கிறது, இளைத்திருக்கிறாள், இருமல் கொஞ்சம் பாக்கி. முடிவு தன் கையில் இல்லையே என்று அவர் இருமலை எண்ணாமல் இருக்கவில்லை.

ஆபீஸில் கோபம் வராதது நல்லதுதான். ஆனால் பக்கத்து சீட்காரருக்கு அநியாயம் நடக்கும்போதும் வரவில்லை, வாயும் திறப்பதில்லை என்றால் யோசியுங்கள். ஸ்டோயிக்குகளின் நான்கு அறங்களில் நீதியும் ஒன்று, துணிச்சலும் ஒன்று.

தினசரி வாழ்க்கைக்கு இவர்களிடம் எதுவுமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. பொதுக் குளியலறைக்குப் போகும் முன் எபிக்டெட்டஸ் சொல்வது: அங்கே ஒருவன் தண்ணீரை வாரி அடிப்பான், ஒருவன் இடிப்பான், ஒருவன் திட்டுவான், ஒருவன் திருடுவான். இதெல்லாம் உண்டு என்று தெரிந்தே போ. குளியலும் ஆக வேண்டும், மனசும் கெடக் கூடாது. டவுன் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியாது.

அவர் வீட்டிலேயே ஒரு திருட்டு நடந்தது. சாமி அறையில் வைத்திருந்த இரும்பு விளக்கை யாரோ கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். நாளைக்கு மண் விளக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கதை இதோடு முடியவில்லை. அவர் இறந்த பிறகு அந்த மண் விளக்கை ஒருவர் 3,000 டிராக்மா கொடுத்து வாங்கினாராம். ராத்திரி அந்த வெளிச்சத்தில் படித்தால் எபிக்டெட்டஸின் ஞானம் தனக்கும் வந்துவிடும் என்று நம்பிக்கை. லூசியன் என்ற கிண்டல்கார எழுத்தாளர் எழுதிவைத்திருக்கிறார். உங்கள் ஆப்புக்கு வருடச் சந்தா எவ்வளவு என்று நான் கேட்கப்போவதில்லை.

பைபாஸ் ஆனவர்களை டாக்டர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கச் சொல்வார்கள். கூட ஒரு ஆள் வேண்டும். இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போய் அப்பாவோடு தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள். வழியில் பொன்மொழி வேண்டாம். அண்ணன் அன்றைக்காவது கொஞ்சம் தூங்கட்டும்.