கொடையன்று வராத வலி திங்கட்கிழமை ஏன் வருகிறது?

செங்கோட்டையை அடுத்த புளியரையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "என் மகளுக்கு வயது 11. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து ஒரு வாரத்தில் சரியாகிவிட்டன. ஆனால், அதற்குப் பிறகு 8 மாதங்களாகத் தொப்புளைச் சுற்றி வலி. தென்காசியிலும் திருவனந்தபுரத்திலும் காட்டினோம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதிலும் கோளாறு இல்லை. கோயில் கொடை விழாவன்று நாள் முழுவதும் ஓடியாடினாள். திங்கட்கிழமை காலை சுருண்டு படுக்கிறாள். நடிக்கிறாள் என்கிறார் என் மாமியார். நான் யாரை நம்புவது?"

மகளை நம்புங்கள். மருத்துவர்களையும் நம்புங்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லாமலே வலி இருக்க முடியும்.

குடலிலிருந்து கிளம்புவது வெறும் செய்திதான். அது தண்டுவடம் வழியாக மேலே போகிறது. மூளையில் வலிக்கென்று தனி அறை கிடையாது. இடத்தை அறியும் பகுதி, பயத்தைக் கவனிக்கும் பகுதி, பழைய அனுபவத்தை நினைவில் வைத்திருக்கும் பகுதி எல்லாம் சேர்ந்துதான் அந்தச் செய்தியை வலியாக்குகின்றன. மூளையிலிருந்து கீழ்நோக்கியும் கட்டளைகள் இறங்குகின்றன. தண்டுவடத்தில் வலிக்கு ஒரு வாசல் இருக்கிறது, மூளையால் அதைத் திறக்கவும் சாத்தவும் முடியும் என்று மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965-இல் விளக்கினார்கள். கொடையன்று மேளமும் தோழிகளுமாக இருந்தபோது உங்கள் மகளுக்கு அந்த வாசல் சாத்தியிருந்தது. திங்கட்கிழமைக் கவலை அதைத் திறந்துவிடுகிறது. இதில் நடிப்பு எங்கே இருக்கிறது?

உங்கள் ஊர் வயல்களில் பரண் போட்டுக் காவல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருமுறை காட்டுப்பன்றி இறங்கிவிட்டால், காவல்காரர் அடுத்த பல இரவுகள் இலை அசைந்தாலும் தகரத்தைத் தட்டுவார். பன்றி வரவில்லை, ஆனால் தகரச் சத்தம் உண்மை. அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு உங்கள் மகளின் நரம்புகளும் அப்படித்தான் விழித்திருக்கின்றன. சோறு செரிக்கும்போது குடல் அசைவதுகூட அவளுக்கு வலியாகத் தெரிகிறது. இங்கிலாந்தில் 1,000 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து 1958-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வரும் வயிற்றுவலி இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு உறுப்புக் கோளாறு எதுவும் இல்லை.

வலி நின்ற பிறகு பள்ளிக்கு அனுப்பலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். முதல் வாரம் இரண்டு பாடவேளை, பிறகு அரை நாள், பிறகு முழு நாள் என்று கூட்டுங்கள். வலித்தால் பத்து நிமிடம் ஓய்வெடுத்துவிட்டு வகுப்புக்கே திரும்பட்டும். இதை வகுப்பாசிரியரிடம் முன்பே பேசி வையுங்கள். பள்ளிக் கழிப்பறையைப் பற்றியும் அவளிடம் கேளுங்கள். அடக்கி வைத்து மலச்சிக்கலாகி, அதனாலேயே வலிக்கும் பெண் பிள்ளைகள் நிறைய. யாராவது அவளைக் கேலி செய்கிறார்களா என்பதும் தெரிய வேண்டும்.

"இப்போது வலிக்கிறதா?" என்று அடிக்கடி கேட்பதை வீட்டில் எல்லோரும் நிறுத்துங்கள். கேட்கும்போதெல்லாம் மூளை வயிற்றைத் தேடிப் பார்க்கிறது. உங்கள் முகத்தில் தெரியும் பயத்தையும் அவள் படித்துக்கொள்கிறாள். இரவில் படுத்தபடி வயிறு உப்ப மூச்சிழுத்து மெதுவாக விடப் பழக்குங்கள். வலி மாத்திரையை வழக்கமாக்காதீர்கள். அவற்றில் சில வயிற்றையே புண்ணாக்கும். நாள்பட்ட வலியுள்ள குழந்தைகளுக்கு உடற்பயிற்சியையும் உளவியல் சிகிச்சையையும் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. எனவே மனநல ஆலோசகரிடம் போகச் சொன்னால், பைத்தியம் என்கிறார்களோ என்று கலங்க வேண்டாம்.

எடை குறைதல், மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, வலப்பக்க அடிவயிற்றுக்கு நகரும் வலி, மூட்டு வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இவை இல்லாமல், பள்ளிக்குத் திரும்பும் முதல் சில வாரங்களில் வலி மட்டும் சற்றுக் கூடினால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். அந்த வாரங்களில் அவளைப் பள்ளியில் விட்டுவரும் பொறுப்பைப் பாட்டியிடமே கொடுத்துப் பாருங்கள்.