வாசகர் கேள்வி: உப்புக்காற்றும் ஜப்பான் பெட்டியும்

கேள்வி: என் வாப்பா கப்பலில் வேலை பார்த்த காலத்தில் ஜப்பானிலிருந்து வாங்கி வந்த கறுப்புப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. மூடியில் தங்கக் கொடி, நடுவில் பச்சையும் ஊதாவுமாக மின்னும் சிப்பிப் பூ. வீடு கடலுக்குப் பக்கம். இந்த ஈரக்காற்றில் பெட்டி வீணாகிவிடுமா? அவ்வப்போது வெயிலில் வைத்து எடுக்கச் சொல்கிறார்கள், வைக்கலாமா?
- ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள், சகோதரி. ஈரக்காற்றுக்குப் பயப்படவே வேண்டாம், அந்தப் பூச்சு இறுகியதே ஈரத்தில்தான். அது பூச்சியிலிருந்து வரும் நம் அரக்கு இல்லை. உருஷி மரத்தின் பட்டையைக் கீறி வடிக்கும் பால். பத்துப் பதினைந்து வருஷம் வளர்ந்த மரத்திலிருந்து மொத்தமே 200 கிராம் அளவுக்குத்தான் கிடைக்கும். பெயிண்ட் மாதிரி இது உலர்வதில்லை. பாலிலேயே இருக்கும் ஒரு நொதி, காற்றில் ஈரப்பதம் 70, 80 சதவீதம் இருந்தால்தான் வேலை செய்து அதை இறுக வைக்கும், அதனால் பூசிய பொருளை ஈரத்துணி வைத்த மர அலமாரிக்குள் அடுக்கி மூடிவிடுவார்கள். வறண்ட காற்றில் பிசுபிசுவென்றே கிடக்கும்.

இறுகிவிட்டால் தண்ணீருக்கோ புளிப்புக்கோ அசையாத பூச்சு, வெயில் தொடர்ந்து பட்டால் பளபளப்பு போய் வெளிறிவிடும். ஏசி அறையும் வேண்டாம், உள்ளே இருக்கும் மரம் வறண்டு சுருங்கினால் மேலே விரிசல் விழும்.

மூடியை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். கொடி லேசாக மேடு தட்டினால், அது பெரும்பாலும் மாக்கி-ஏ வேலை. உருஷிப் பாலால் கொடியை வரைந்து, அது இறுகுவதற்குள் சின்னக் குழலில் தங்கத்தூளை எடுத்து, விரலால் தட்டித் தட்டித் தூவுவார்கள். மேடே தெரியாமலும் செய்வதுண்டு: தூவியதன் மேல் மறுபடி பால் பூசி, இறுகியதும் கரித்துண்டால் தேய்த்துத் தேய்த்துத் தங்கத்தை வெளியே கொண்டுவருவது. கை கொஞ்சம் அழுந்தினாலும் தங்கமே தேய்ந்து போகும், எனக்கு இந்த வேலையில் பெரிய மரியாதை உண்டு. சிப்பிப் பதிப்புக்குப் பெயர் ராடென். சிப்பியின் உள்பக்கத்தைச் சில வேலைகளில் 0.1 மில்லிமீட்டருக்கும் மெல்லியதாக இழைத்துப் பதிப்பார்கள்.

உப்பும் மணலும் படிந்தால் முதலில் மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள், அப்புறம் பழைய பருத்தித் துணி. அப்படியே துடைத்தால் மணல் கீறிவிடும். சிப்பித் துண்டு எழும்பி வந்தால் ஃபெவிகால் பக்கம் போகாதீர்கள். துண்டைத் தாளில் மடித்துப் பத்திரப்படுத்துங்கள், பழுது பார்க்கத் தெரிந்தவர் கிடைக்கும்போது அதே துண்டுதான் வேண்டும்.

கேள்வி: ராமேஸ்வரத்தில் சிப்பிப் பொருள் செய்து விற்கிறேன். உருஷிப் பால் வரவழைத்து நானே செய்து பார்க்கலாமா?
- ஒரு வாசகர், பாம்பன்

பதில்: தாராளமாகச் செய்யுங்கள் தம்பி, நம் கடற்கரை ஈரம் அதற்குத் தோதானது. ஆனால் இது மாவும் முந்திரியும் சேர்ந்த குடும்பத்து மரம். மாங்காய்ப் பால் பட்டாலே உங்களுக்குத் தோல் புண்ணாகும் என்றால் இதைத் தொடவே வேண்டாம், இது அதைவிடப் பல மடங்கு கடுமை, கொப்புளமே கிளம்பிவிடும். மற்றவர்களும் கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் டப்பாவைத் திறக்கக் கூடாது. நன்றாக இறுகிய பிறகு பயமில்லை, ஜப்பானில் சூப் குடிக்கும் கிண்ணமே இதில்தான் செய்கிறார்கள்.