கடலையில் ஏது சீஸ்?

கேள்வி: நெதர்லாந்தில் வேலை பார்க்கும் என் தம்பி, அங்கே பீனட் பட்டருக்குப் பெயர் 'பிண்டாகாஸ்', அதாவது 'கடலை சீஸ்' என்கிறான். வெண்ணெய் என்று பெயர் வைக்கச் சட்டம் விடவில்லையாம். நம்பலாமா ஐயா?

பதில்: சட்டம் இருந்தது நிஜம்தான் அம்மா. 1871இல் ஓஸ் என்ற ஊரில் யுர்கன்ஸ் குடும்பம் மார்ஜரின், அதாவது வெண்ணெய்க்குப் பதிலாகப் பயன்படும் கொழுப்புப் பண்டம், செய்யத் தொடங்கியது. அப்புறம் மார்ஜரினையே வெண்ணெய் என்று சொல்லி விற்கிற புரட்டும் வந்தது. அதைத் தடுக்க வந்த சட்டத்தால், 'போட்டர்' (வெண்ணெய்) என்ற பெயர் பாலில் எடுத்ததற்கு மட்டுமே என்று ஆனது. 1948இல் கடலை விழுதை விற்க வந்த கால்வே நிறுவனத்துக்கு அந்தப் பெயர் கிடைக்க வழியில்லை.

சரி, அதற்காக சீஸுக்கு ஏன் தாவினார்கள்? அதுவும் பால் பொருள்தானே! உங்கள் தம்பியின் கதை இங்கேதான் நொண்டுகிறது.

விடை தென் அமெரிக்காவின் வட கரையில், சுரினாமில் இருக்கிறது. 1975இல் விடுதலை பெற்ற அந்த நாடு முன்பு டச்சுக்காரர்களின் காலனி. அங்கே கடலையை அரைத்துக் கட்டியாக்கி, சீஸைப் போலவே கத்தியால் வில்லை போட்டுச் சாப்பிட்டார்கள். அதற்கு வைத்த பெயர்தான் பிண்டாகாஸ். கால்வே கடைக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே புழக்கத்தில் இருந்த சொல் அது. நிறுவனம் யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. இன்று புட்டியில் இருப்பது தடவுகிற விழுது, பெயர் மட்டும் இன்னும் வெட்டுகிற கட்டியுடையது.

என்னைக் கேட்டால், காஸைவிட 'பிண்டா'வின் கதைதான் பெரிது. நிலக்கடலை பிறந்த மண் தென் அமெரிக்கா. போர்ச்சுக்கீசியர் அதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். கொங்கோ மொழிக்காரர்கள் அதை 'ம்பிண்டா' என்றார்கள். பிறகு அந்த மக்களையே அடிமைகளாகக் கப்பலேற்றி அட்லாண்டிக்கைக் கடத்தினார்கள், சொல்லும் கூடவே போனது. தான் பிறந்த கண்டத்திலேயே கடலைக்கு ஆப்பிரிக்கப் பெயர் ஒட்டிக்கொண்டது இப்படித்தான். சுரினாமில் அடிமைமுறை ஒழிந்தது 1863இல். சட்டக் கதையைச் சுவையாகச் சொல்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று. எதுவாவது கைநழுவிப் போனால் டச்சுக்காரர்கள் 'ஹெலாஸ் பிண்டாகாஸ்' என்பார்கள். 'ஹெலாஸ்' என்றால் 'அடடா, போச்சே' என்கிற மாதிரி. பிண்டாகாஸ் அங்கே ஓசை ஒத்துப்போவதால் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அதற்கும் ஒரு சட்டம் காரணம் என்று தம்பி கிளம்பினால் நம்பாதீர்கள்.