உயிர் காலேஜுக்கு ஒரு நாள் போதுமா?

திண்டிவனத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மே மாதம் குடும்பத்தோடு வண்டலூர் பூங்காவுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். நான், கணவர், 9 வயதுப் பெண், 4 வயதுப் பையன், 68 வயது மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. ஆனால் மிருகக்காட்சிசாலையின் பழைய பெயரைச் சொல்லி 'உயிர் காலேஜ் பார்க்கணும்' என்று அவர்தான் முதல் ஆளாகக் கிளம்பி நிற்கிறார். முன்பு ஒருமுறை போனபோது புலி கடைசிவரை முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கியது. பெண் அழுதே விட்டாள். இந்த முறை எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்துவிட்டு வர எப்படித் திட்டமிடுவது?"

முதலில் அந்த 'எல்லாவற்றையும்' என்பதைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர், ஏறக்குறைய 1,490 ஏக்கர். காட்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக அடைப்புகளை அமைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதே ஒரு நடை. பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக ஆரம்பித்த புதிதில் நானும் ஒன்று விடாமல் காட்டிவிட வேண்டும் என்று 40 பேரை விரட்டிக்கொண்டே போனேன். மறுநாள் என்ன பார்த்தீர்கள் என்று எழுதச் சொன்னதற்குப் பாதிப் பேர் ஐஸ்கிரீமைப் பற்றி எழுதியிருந்தார்கள். அதிலிருந்து ஆறே விலங்குகள்தான் என் கணக்கு. ஒவ்வொன்றின் முன்னாலும் குறைந்தது கால் மணி நேரம் நிற்பேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

நாள் எது? செவ்வாய்க்கிழமை விடுமுறை. வாரத்தில் ஒரு நாளாவது பார்வையாளர்கள் இல்லாமல் மூடியிருக்க வேண்டும் என்பது இந்திய உயிரியல் பூங்காக்கள் எல்லாவற்றுக்குமான விதி. நெரிசல் காலங்களில் செவ்வாயன்றும் திறப்பதுண்டு, அதை அறிவிப்பு பார்த்துத்தான் நம்ப வேண்டும். மே மாதத்தில் ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். புதன், வியாழன் நல்லது. உண்மையைச் சொன்னால் மே மாதமே எனக்குப் பிடித்தமில்லை. கத்திரி வெயிலில் விலங்குகளுக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள், தர்பூசணி கொடுக்கிறார்கள், கரடிக்குப் பழம் வைத்து உறைய வைத்த ஐஸ்கட்டி கொடுக்கிறார்கள். உங்கள் மாமியாருக்கு அதெல்லாம் யார் கொடுப்பார்கள்? அரையாண்டு விடுமுறைக்குத் தள்ளிப்போட முடிந்தால் பூங்காவுக்குள் இருக்கும் ஓட்டேரி ஏரியில் வலசை வரும் பறவைகளையும் பார்க்கலாம். ஆனால் காணும் பொங்கல் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதீர்கள், அன்று பூங்காவில் மனிதர்களைத்தான் பார்க்கலாம்.

சரி, மே மாதம்தான் முடியும் என்றால் காலை 9 மணிக்கு வாசலில் இருங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. போன முறை புலி ஏன் தூங்கியது என்பதற்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. புலியும் சிங்கமும் விடியலிலும் அந்தியிலும் இரவிலும் நடமாடுபவை. சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரைகூடப் படுத்தே கிடக்கும். நாம் சாவகாசமாக இட்லி சாப்பிட்டுவிட்டு, வண்டி பிடித்து, 12 மணிக்கு அதன் முன்னால் போய் நின்றால் அது நம் வீட்டு வாசலில் யாரோ நடுராத்திரி வந்து நின்ற மாதிரி. 9 மணியிலிருந்து 11 மணிக்குள் பெரிய பூனைகளை முடித்துவிடுங்கள். சாயங்காலம் போகலாமே என்று தோன்றும். அந்த நேரத்தில் பல விலங்குகள் இரவுக் கூண்டின் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கும். தீனி அங்கேதான் என்று அவற்றுக்குத் தெரியும்.

அப்படியும் தூங்கினால்? பெண்ணிடம் புலியின் காதுக்குப் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பாக இருக்கும், நடுவில் ஆளுக்கொரு வெள்ளைப் பொட்டு. முதுகைக் காட்டிப் படுத்த புலியிடம்தான் அதை நன்றாகப் பார்க்க முடியும். குட்டிகள் தாயைப் பின்தொடர அது அடையாளம் என்கிறார்கள், பின்னாலிருந்து பார்ப்பவருக்குக் கண் போலத் தோன்றி மிரட்டும் என்றும் சொல்கிறார்கள். அப்புறம் வெள்ளைப் புலி. கூட்டம் மொய்ப்பது அதன் முன்னால்தான், பக்கத்தில் நிற்பவர் யாராவது 'இமயமலைப் புலி' என்று தவறாமல் விளக்கம் சொல்வார். அது தனி இனம் இல்லை. நிறத்தைக் குறைக்கும் ஒரு மரபணு தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் சேர்ந்து வந்த வங்கப் புலிதான். இன்று உலகெங்கும் அடைப்பில் இருக்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதை, 1951இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் ரேவா பகுதியில் பிடிபட்ட மோகன் என்ற குட்டி. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இந்தக் கதை பிடிக்கும்.

போய்ச் சேரும் வழியில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து சென்னைக்குப் போகும் பேருந்து கிளாம்பாக்கத்தில்தான் நிற்கும். பூங்கா அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ போதும், சென்னைக்குள் போய்த் திரும்ப வேண்டியதில்லை. ரயிலை விரும்பினால் வண்டலூரில் நிற்கும் வண்டியா என்று பார்த்து ஏறுங்கள். எக்ஸ்பிரஸ் என்றால் செங்கல்பட்டிலோ தாம்பரத்திலோ இறங்கி மின்சார ரயிலுக்கு மாறவேண்டும். அப்புறம் ஜிஎஸ்டி சாலையைக் கடந்து நடக்கவும் வேண்டும். முழங்கால் வலிக்காரரோடு போகையில் பேருந்துக்கே என் ஓட்டு. டிக்கெட்டை முதல் நாளே இணையத்தில் எடுத்துவிடுங்கள்.

உள்ளே போனதும் பேட்டரி வண்டிக்குத்தான் முதல் வேலை. இருக்கைகள் குறைவு, வெயில் ஏற ஏற வரிசை நீளும். நான் செய்வது இதுதான்: ஐந்து பேரும் வண்டியில் ஒரு சுற்று. அதில் நிறுத்தம் ஒவ்வொன்றும் அவசரமாகத்தான் இருக்கும், கவலைப்படாதீர்கள். எது விழித்திருக்கிறது, எங்கே நிழலும் பெஞ்சும் இருக்கின்றன என்று பார்த்துவைப்பதற்குத்தான் அந்தச் சுற்று. பிறகு பிடித்த இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் மெதுவாக நடந்து போங்கள். மாமியாருக்குச் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று நுழைவாயிலில் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். சிங்க சஃபாரிக்குத் தனிச் சீட்டு. நான்கு வயதுப் பையனை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. நானாக இருந்தால் இந்த முறை விட்டுவிடுவேன்.

எந்த ஆறு என்று கேட்பீர்கள். புலி, சிங்கம் போக என் பட்டியலில் முதலில் நிற்பது நீர்யானை. பெரும்பாலானவர்கள் "தண்ணிக்குள்ள இருக்கு, ஒண்ணும் தெரியல" என்று நகர்ந்துவிடுவார்கள். நின்று பாருங்கள். முதலில் தண்ணீருக்கு மேலே மூன்று ஜோடி மட்டும் தெரியும்: கண், காது, மூக்குத் துவாரம். மூன்றும் தலையின் மேற்பக்கம் ஒரே மட்டத்தில் இருப்பதால் உடம்பு முழுக்க மறைந்திருந்தும் அது பார்க்கும், கேட்கும், மூச்சுவிடும். முங்கும்போது துவாரம் மூடிக்கொள்ளும். பையனை எண்ணச் சொல்லுங்கள். அவனுக்குத் தெரிந்த எண்கள் தீர்ந்துபோகும், ஏனென்றால் சில சமயம் ஐந்து நிமிடம்வரை தம் பிடிக்கும். மேலே வந்ததும் புஸ்ஸென்று ஒரு மூச்சு, இரண்டு காதும் காற்றாடி போலச் சுழன்று தண்ணீரைத் தெறிக்கும். அந்த ஒரு நொடிக்குப் பிள்ளைகள் சிரிக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. தோலில் சிவப்பாக ஏதாவது கசிந்திருந்தால் ரத்தம் என்று பயப்பட வேண்டாம், வெயிலிலிருந்து காக்க அதன் தோலே சுரக்கும் திரவம் அது.

அடுத்தது காட்டெருமை. வண்டலூரில் கன்றுகள் ஈன்று நன்றாகப் பெருகிய விலங்கு. உடம்பெல்லாம் கறுப்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வெள்ளை சாக்ஸ். சோலைமந்தியை விட்டுவிடாதீர்கள். சிங்கவால் குரங்கு என்றும் சொல்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெந்தக் காட்டிலும் கிடையாது. தீனி வைத்த நேரமாக இருந்தால் கன்னத்தைக் கவனியுங்கள். தின்னாமல் கன்னப் பைக்குள் திணித்து, முகம் உப்பிப்போன பிறகுதான் ஒரு மூலையில் உட்கார்ந்து மெல்லும். கடைசியாக முதலை. வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடப்பதைப் பார்த்து "பொம்மைதானே இது" என்று கேட்காத பிள்ளை இல்லை. உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளத்தான் அப்படித் திறந்து வைத்திருக்கிறது. பொம்மையா நிஜமா என்று பார்க்கக் கல்லெறியும் பெரியவர்களையும் அங்கே காண்பீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உயிரியல் பூங்காவில் விலங்கைச் சீண்டுவது, தீனி போடுவது, கூச்சல் போட்டுத் தொந்தரவு செய்வது, குப்பை போடுவது எல்லாமே குற்றம். பிஸ்கட் நீட்டுவதும் அதில் அடங்கும்.

மாமியாருக்கு ஏற்ற இடம் பறவைகள் பகுதி. ஒரே இடத்தில் உட்கார்ந்தால் போதும், பார்க்க வேண்டியது தானாக வந்து போகும். நீங்கள் இரண்டு பேரும் பிள்ளைகளோடு அடுத்த அடைப்புக்குப் போய்வரும்வரை அவர் அங்கே இருக்கட்டும். கையில் ஒரு போனைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அவர் சொல்லும் 'உயிர் காலேஜ்' வேறு இடம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இறங்கியதும் "இது இல்லையே" என்பார். எழும்பூர் அருங்காட்சியகத்தை அப்போது 'செத்த காலேஜ்' என்பார்கள், உயிருள்ள விலங்குகள் இருந்ததால் இது 'உயிர் காலேஜ்'. 1855இல் அருங்காட்சியகப் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபோர் அந்த அருங்காட்சியக வளாகத்திலேயே தொடங்கியதுதான் இந்தப் பூங்கா. சில ஆண்டுகளில் இடம் போதாமல் சென்ட்ரல் பக்கத்தில், மூர் மார்க்கெட்டை ஒட்டியிருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. சின்ன வயதில் அவர் பார்த்திருந்தால் அதைத்தான். அங்கும் நெரிசல் தாங்காமல் 1985 ஜூலையில் வண்டலூருக்கு வந்துவிட்டார்கள். மூர் மார்க்கெட் எரிந்ததும் அதே ஆண்டுதான். பழைய இடத்தின் பக்கம் இப்போது நேரு விளையாட்டரங்கம் நிற்கிறது. பேத்திக்கு அந்தக் காலக் கம்பிக் கூண்டுகளைப் பற்றி அவரே சொல்லட்டும். வண்டலூரில் பெரும்பாலும் அகழிதான் தடுப்பு, வித்தியாசம் பேத்திக்குக் கண்ணெதிரே இருக்கும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நுழையுங்கள், ஒன்றரை மணிக்குள் வெளியே வந்து மதியச் சாப்பாடு. நடுவே பிள்ளைகளுக்கு வேண்டிய நொறுக்குத் தீனியைக் கவரோடு கொண்டுபோகாமல் எவர்சில்வர் டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள், நுழைவில் பிளாஸ்டிக்கைச் சோதிப்பார்கள். தண்ணீரும் ஸ்டீல் பாட்டிலில். டப்பாவைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்க வேண்டாம், சுற்றித் திரியும் குரங்குகளுக்கு மூடி திறக்கும் சத்தம் நன்றாகத் தெரியும்.

இவ்வளவு நடையும் வெயிலும் தாங்காது என்று கடைசி நேரத்தில் தோன்றினால் கிண்டி சிறுவர் பூங்கா இருக்கிறது. சின்ன இடம், மர நிழல், பக்கத்திலேயே 1972இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய பாம்புப் பண்ணை. பையனுக்கு அது தாராளம். பெண்தான் புலி எங்கே என்று கேட்பாள். வண்டலூர்தான் என்று முடிவானால் எடை குறைந்த மடக்கு முக்காலி ஒன்றை வாங்கிப் பையில் செருகிக்கொள்ளுங்கள். நீர்யானை முன்னால் கால் மணி நேரம் நில்லுங்கள் என்று நான் சொன்னது மாமியாருக்குச் சேர்த்தி இல்லை.